வாசற்படியில் சொன்ன குட்பை

ஆனைமுகத்தான் அடிமலர் என் எழுத்தைக் காக்க. தைப்பூச நன்னாளில் இதனை எழுதுகிறேன்.

தலவாக்கலையில் நான் கடை வைத்திருந்தபோது, சைக்கிளில் பட்டுத்துணி விற்கும் சீனர் ஒருவர் ஆங்கிலச் சொற்கள் கற்க என்னிடம் வருவார். மெலிந்தவர். எதைக் கேட்கும் முன்பும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார். தேயிலைத் தோட்டப் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசாணிக்கு ஒரு பட்டாவது விற்றுவிட வேண்டும் என்பதே அவர் வேட்கை.

ஒருநாள் 'குட்பை'க்குப் பொருள் கேட்டார்.

"போறப்ப சொல்றதுங்க. 'கடவுள் உங்க கூட இருக்கட்டும்'னு வெள்ளைக்காரங்க அந்தக் காலத்துல சொன்ன வாழ்த்து, தேஞ்சு இப்படி ஆயிருச்சு" என்றேன்.

மறுநாள் பங்களா வாசலில் அவர் முதற்சொல்லாகக் 'குட்பை' என்றாராம். துரைசாணியும் 'குட்பை' என்று கதவைச் சாத்திவிட்டார்.

"போறப்ப சொல்றதுன்னு சொன்னேனேங்க!"

"மொதலாளி பாட்டுப் படிச்சா, சாமி பேரு மொதல்லயா, கடைசியிலயா?"

"மொதல்லதான்."

"அப்ப வெள்ளைக்காரங்கதான் தப்பா சொல்றாங்க."

அடுத்த வாரமும் அவ்வாறே சொல்லப் போனார். வரும்போதே விடைபெறும் மனிதரைக் காட்டுவதற்காகத் துரைசாணி பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணியையும் அழைத்து வைத்திருந்தார். இருவரும் சிரித்துச் சிரித்து ஆளுக்கொரு பட்டு வாங்கினர்.

"கெளம்புறப்ப என்னங்க சொன்னீங்க?" என்று கடைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"திரும்ப வருவேன்ல? குட்மார்னிங்!"

அவர் பிழை செய்தாரா, நாமெல்லாம் செய்கிறோமா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. இதனைப் படித்தோர் அனைவரோடும் இறைவன் உடனிருப்பானாக. அவர் படித்தால், "மொதலாளி, இதை மொதல்லயே எழுதியிருக்கணும்" என்பார்.