நானா ஒட்டிய மஞ்சள் துண்டு

ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து திறந்தால் இரண்டு திரையிலும் அது தெரியும் என்று மனதார நம்பியிருந்தேன். இந்த அறிவோடுதான் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் பதினெட்டு வருடமாகக் கிளாக்கராக உட்கார்ந்திருக்கிறேன். இத்தனைக்கும் என் திரையின் ஓரத்தில் கம்ப்யூட்டர் கடை நானா ஒட்டிய மஞ்சள் காகிதத் துண்டு எந்நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே, பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு அடிக்க வேண்டிய வரி. கீழே, அவருடைய உருண்டைக் கையெழுத்தில்: "வேலை அங்க, மொகம் இங்க."

நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அந்த முஸ்லிம் மனிதர் பலாங்கொடையில் கடை வைத்திருந்தவர். தோட்டத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். ஏதாவது சண்டித்தனம் செய்தால் கடையில் இருந்தபடியே உள்ளே வந்து என் திரையில் அம்பை நகர்த்துவார். அவர் பார்ப்பதை நானும் பார்ப்பேன். அந்த வழி வேறு, துண்டில் எழுதிய வழி வேறு என்று மூன்று தரம் விளங்கப்படுத்தினார். மூன்று தரமும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

போன வருடம், காலில் ஏறிய அட்டைக்குப் பயந்து எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை தேயிலைச் செடிகளைத் தாண்டி ஓடியதைக் கண்டேன். சும்மா இருக்க முடியவில்லை. துரை இருக்கும் பெரிய ஆபீசில் நான் வேலையாக இருந்த ஒரு நாள், அங்குள்ள கம்ப்யூட்டரிலேயே அதைப் படமாக வரைந்து, வெறும் நம்பரைப் பெயராக வைத்துப் பதுக்கிவிட்டேன். கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வந்த காலையில்தான் அது ஞாபகம் வந்தது. அழித்துவிடலாம் என்று பெக்டரியில் உட்கார்ந்து துண்டிலிருந்த வரியை அடித்தேன். எந்த நம்பர் என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன். திரை நிறையத் துரை, காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு! அந்த நேரம் பார்த்து மழையில் இன்டர்நெட் லைன் சிக்கி, படம் மூட மறுத்தது. அங்கே பெரிய ஆபீசிலும், விருந்தாளிகளுக்கு முன்னால், இதே கோலம்தானே? வேலை போகும், வேலையோடு குவாட்டர்ஸ் வீடும் போகும், மனைவியும் இரண்டு மகள்களும் பெட்டி படுக்கையோடு ரோட்டில். குடையைக்கூட எடுக்காமல் குறுக்குப் பாதையில் ஓடினேன். பாதி மலையில் நானாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"நானா, படம் தொர முன்னுக்குத் தெறந்து கெடக்கு!"

"எங்க இருந்து தெறந்தீங்க?"

"பெக்டரியில."

"இப்ப எங்க ஓடுறீங்க?"

"பெரிய ஆபீசுக்கு. வயரப் புடுங்க."

போனுக்குள் அப்படி ஒரு சிரிப்பு. "அட மனுசா! மொகம் இங்கன்னு எழுதியே தந்தேனே. அங்க ஒண்ணும் தெரியாது, படம் ஒங்கட மேசைத் திரையிலதான் கெடக்கு. திரும்பி ஓடுங்க!"

திரும்பினேன். துரையின் ஜீப் என்னைக் கடந்து பெக்டரிப் பக்கம் போனது. உள்ளே விருந்தாளிகள். துரை கையைக் காட்டினார். நான் பல்லைக் காட்டினேன்.

மூச்சிரைக்க நுழைந்தபோது துரை என் மேசைக்கு முன்னால் நின்றார். விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். "மேக கவுத ஆந்தே?" யார் வரைந்தது என்று சிங்களத்தில் கேட்டார். காலில் மூன்று அட்டை. கையை மட்டும் உயர்த்தினேன். துரை படத்தை இன்னொரு தரம் குனிந்து பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அட்ட ரொம்ப சின்னதா போட்டிருக்கு, கிளாக்கர். அன்னக்கி வந்தது இதவிட பெருசு."

நானா கடையை மூடிவிட்டு இப்போது மாவனெல்லையில் மகளோடு இருக்கிறார். பெருநாளுக்குக் கோல் எடுத்தால், "இப்ப எந்தப் பக்கம் ஓடுறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கம்ப்யூட்டர் மாறிவிட்டது, மஞ்சள் துண்டைக் கிழியாமல் உரித்துப் புதியதில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துச் சுவரில் அந்தப் படம், அட்டையைப் பெரிதாக்கி. பெரிய ஆபீசில் பிறகு விசாரித்தேன். அங்கே ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் திரையை அன்று யாரும் போடவே இல்லை.