கண்ணுல ஒரு சொட்டு

நான் அஞ்சாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு விடுதல குடுத்த ஆளு. என் மூளைக்குள்ள என்னா இருக்குன்னு கேட்டா, "காலி எடம்தான், வாடகைக்கு விடலாம்"னு எங்கூட்டுக்காரி சொல்லுவா. அப்பேர்ப்பட்டவன் இப்ப மூளையப் பத்திப் பேச வந்திருக்கேன். எல்லாம் எங்க நாயால.

கடலூர்ல ஒரு மாடிவீட்டுல, கீழ்வீட்ல வாடகைக்கு இருக்கோம். எங்க பொட்ட நாயி திடீர்னு தண்ணியாக் குடிக்க ஆரம்பிச்சிது. மொதல்ல கிண்ணம், அப்பறம் குண்டான், அப்பறம் பக்கெட்டு. குடிச்ச கையோட மாடிப்படியில போயி மூத்திரம். தொடச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடியும் பக்கெட்டுல மூஞ்சி. நான் கருவாட்டுச் சோத்து மேல பழியப் போட்டேன். உப்பு தின்னா தாகம் எடுக்கும், அவ்ளோதான் என் ஆராய்ச்சி. நாய்க்குக் கருவாட நிறுத்தினேன். பாத்து ஏங்குமேன்னு எங்களுக்கும் நிறுத்தினேன். சோத்துல ருசி போனதுதான் மிச்சம்.

மேல்வீட்டு ஓனரம்மா படியில வழுக்கி விழப் பாத்தாங்க. கத்தல, நிதானமாத்தான் சொன்னாங்க: "நாய வெச்சுக்குங்க, இல்ல வீட்ட வெச்சுக்குங்க." எங்கூட்டுக்காரி அப்ப என்னியப் பாத்த பார்வையில, மூணாவதா இன்னொரு வழியும் இருக்குன்னு யோசிச்ச மாதிரி தெரிஞ்சிது.

கடைசில சிதம்பரத்துக்குப் பக்கத்துல, கீரப்பாளையத்துல மச்சான் வீட்ல விட்டுடலாம்னு முடிவாச்சு. வயலுதான, எங்க வேணா போவட்டும். வெறிநாய் ஊசி போட்டுத்தான் கூட்டியாரணும்னு மச்சான் கண்டிஷனா சொல்லிட்டான். எங்கூட்டுக்காரி நாயத் தடவிட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா.

நான் ஓட்டறது குட்டியானைன்னு சொல்ற சின்ன லோடு வண்டி. அன்னிக்கி சிதம்பரத்துக்கு மெத்தை லோடு. நாய எம்பக்கத்து சீட்டுல ஏத்தினேன். சீட்டு நனையக் கூடாதுன்னு காலைலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல. உள்ள போனாத்தான வெளிய வரும்?

புதுச்சத்திரம் தாண்டல, என் லுங்கி வரைக்கும் ஈரம். மெத்தையெல்லாம் பத்தரமா இருக்கு, நான்தான் நனஞ்சிருக்கேன். திட்டலாம்னு திரும்பினா, அது நாக்கு காஞ்சு, கண்ணு உள்ள போயி, வண்டியில கெடந்த காலி பாட்டில நக்கிக்கிட்டு இருக்கு. உள்ள ஒண்ணுமே போவல, வெளிய வந்துக்கிட்டே இருக்கு. வண்டிய ஓரங்கட்டி, பக்கத்து டீக்கடையில தண்ணி வாங்கிக் குடுத்தேன்.

சிதம்பரத்துல ஊசி போடப் போன எடத்துல, நாய் டாக்டரம்மா என் லுங்கியப் பாத்துட்டு சிரிச்சாங்க. கதையக் கேட்டதும் சிரிப்பு நின்னுச்சு. மூத்திரத்தப் புடிச்சுப் பாத்தா பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. ரத்தத்தையும் எடுத்துப் பாத்தாங்க. சக்கரயும் இல்ல, கிட்னியும் கெடல.

"அண்ணே, இது குடிக்கறதால போவல. போயிக்கிட்டே இருக்கறதால குடிக்குது. தண்ணிய நிறுத்தினீங்கன்னா செத்துடும்."

மூளைக்கு அடியில பட்டாணியாட்டம் ஒரு சுரப்பி இருக்காம். ஒடம்புல தண்ணி கொறஞ்சா, அங்கேருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்துல எறங்கி, கிட்னிகிட்ட போயி, தண்ணிய விடாத, புடிச்சு வையின்னு சொல்லுமாம். மாட்டுக்கும் அப்பிடித்தான், மனுஷனுக்கும் அப்பிடித்தான். எங்க நாய்க்கு அந்தச் சேதி போவாம, கிட்னி தொறந்த கொழாயாட்டம் விட்டுக்கிட்டே இருந்திருக்கு.

மருந்து, மனுஷங்க மூக்குல விட்டுக்கறதாம். நாய்க்குக் கண்ணுல விடணுமாம். கோளாறு கீழ, மருந்து மேலயான்னு கேட்டுட்டேன். டாக்டரம்மா நாய்த் தலைய நிமித்திப் புடிச்சு, கண்ணுல ஒரு சொட்டு விட்டாங்க. ஆயுசுக்கும் விடணும், பக்கத்துல எப்பவும் தண்ணி இருக்கணும்னு சொன்னாங்க.

மச்சானுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிட்டு, நாயோடவே வீடு திரும்பினேன். மறுநாள் பக்கெட்ட ரொப்பி வெச்சேன். நாயி வந்துச்சு, நாலு நக்கு நக்குச்சு, போயிப் படுத்துக்கிச்சு. தண்ணி தளும்பிக்கிட்டு அப்பிடியே நிக்குது. ஒரு பக்கெட்டுத் தாகத்த ஒரு சொட்டு அடக்கிடுச்சேன்னு நான் பக்கெட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்துட்டேன். என் மண்டைக்குள்ளயும் அந்தப் பட்டாணி இருக்கு. நான் தூங்கறப்பவும், வெட்டிக்கத பேசறப்பவும், என்னியக் கேக்காமயே எந்தண்ணிய அளந்துக்கிட்டு இருக்கு. எங்கூட்டுக்காரிகிட்ட சொன்னேன், இனிமே வாடகைக்கு விட முடியாது, உள்ள ஆளு இருக்குன்னு.

ஒரு வாரம் படி காஞ்சே கெடந்துச்சு. ஓனரம்மா எறங்கி வந்து, நாய எப்ப அனுப்புனீங்கன்னு கேட்டாங்க. அது அவுங்களுக்குப் பின்னாடி, மேல்படியில தூங்கிக்கிட்டு இருந்துச்சு.