நாலாவது துண்டு

பழனி அடிவாரத்தில் பிறந்த சிவபாக்கியத்துக்கு மலை என்றால் முருகன் இருக்கிற மலைதான். காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். அதற்குத் தெற்கே நீலமாக நின்ற பெரிய மலையை அவள் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அவளுடைய அப்பா அடிவாரத்தில் சின்னதாகப் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். கடைக்கு வேண்டிய மலைவாழைப் பழத்தை அந்தப் பெரிய மலைமேல் இருக்கும் வடகவுஞ்சியிலிருந்து மட்டக்குதிரைகளில் ஏற்றிக் கொண்டுவந்தவன் கந்தவேல். அதிகம் பேசமாட்டான். ஆனால் அத்தனை தூரம் இறக்கிக் கொண்டுவந்த பழத்தில் ஒரு கன்றல் இருக்காது. அந்த ஒரு குணத்தை வைத்தே அப்பா பெண் கொடுத்துவிட்டார். அது ஐம்பத்து நாலாம் வருஷம், வைகாசி மாதம்.

"தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டிட்டு வந்துருவாரு. குதிரைக்காரன் பொண்டாட்டிக்கு வழியா இல்ல?" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

குதிரைக்காரன் வாரந்தோறும் இறங்கினான். பொண்டாட்டி இறங்கவில்லை. பொதி ஏற்றிய குதிரையில் ஆள் உட்கார முடியாது என்றார்கள். நடந்தே வருகிறேன் என்றாள். திரும்பி ஏற ஒரு பகல் போதாது, பொம்பளை எங்கே தங்குவது என்றார்கள். பிறகு மழை வந்தது. பிறகு அறுவடை. பிறகு வயிற்றில் பிள்ளை. ஐப்பசியில் மஞ்சு இறங்கிவிட்டால் வாசலில் கட்டிய குதிரைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எங்கே திரும்பினாலும் வெள்ளையாகச் சுவர் வைத்து அடைத்த மாதிரி இருக்கும். அந்த நாட்களில் அவள் தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

வீட்டில் கந்தவேலின் அண்ணன் நல்லுசாமி வைத்ததுதான் சட்டம். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கெட்ட மனிதர் இல்லை. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். நிலம், விதை, சந்தைக்குப் போவது, வருவது எல்லாம் அவர் கையில் இருந்தது. ஒரே அடுப்பு, ஒரே களஞ்சியம்.

"டவுனுப் பொண்ணு, சும்மா உக்காந்திருந்தா சீக்கு வந்துரும். பாறைக்குக் கீழ ஒரு துண்டு கெடக்கு. அதுல ஏதாச்சும் கீரை போட்டுப் பழகு ஆத்தா" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

அந்தத் துண்டு செங்குத்தாகச் சரிந்து கிடந்தது. மேல்மண் எல்லாம் எந்தக் காலத்திலோ ஓடிப்போய், செம்மண்ணும் சரளையும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அவள் கொத்தமல்லி விதைத்தாள். முதல் மழையில் விதை ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. பீன்ஸ் ஊன்றினாள். முளைத்து, இரண்டு இலை விட்டு, மஞ்சளாகி நின்றது. குதிரைச் சாணி போட்டால் தேறும் என்று கூடை கூடையாகப் பச்சைச் சாணியை வேரில் கொட்டினாள். நெருப்பு வைத்த மாதிரி கருகிப்போனது. நல்லுசாமியின் மனைவி கந்தம்மாள் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. அவளே பார்த்துத்தான் படித்தாள். குதிரை கட்டும் இடத்துக்குக் கீழே, பழைய சாணியும் புல்லும் மக்கிக் கிடந்த மூலையில் மட்டும் மண் கறுப்பாக, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. கிளறினால் மண்புழு நெளிந்தது. அவள் துண்டில் ஒரு புழுகூட இல்லை. அன்றைக்கே பாறையடியில் குழி தோண்டினாள். சாணி, காட்டிலிருந்து அறுத்துவந்த பெரணித் தழை, அடுப்புச் சாம்பல் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு மூடினாள். அது மக்குகிற வரைக்கும் சரிவுக்குக் குறுக்கே கல் பொறுக்கி வரிசை வரிசையாக அடுக்கினாள். மழை பெய்தபோது தண்ணீர் கல்லில் முட்டி நின்று, கொண்டுவந்த வண்டலை அங்கேயே விட்டுப் போனது.

மறு வருஷம் பீன்ஸ் காய்த்தது. அதற்கடுத்த வருஷம் வெள்ளைப்பூண்டு. பல் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். அவள் அதைத் தாளோடு பின்னி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, பெரிசு சிறிசு பிரித்து அனுப்பினாள். சந்தையில் பிரித்த பூண்டுக்குத்தான் முதல் கிராக்கி என்று கந்தவேல் வந்து சொன்னான்.

நல்லுசாமி அந்தத் துண்டுக்கு வந்தார். குனிந்து ஒரு கை மண் எடுத்து மோந்து பார்த்தார்.

"அடேயப்பா! உனக்குக் கைராசி ஆத்தா. இதுல இனி உருளைக்கிழங்கு போட்டுருவோம். நீ ஓடைக்கரைத் துண்டை எடுத்துக்க."

சிவபாக்கியத்துக்கு அன்று சந்தோஷம்தான். அவர் வாயால் அப்படிக் கேட்க யாருக்குக் கிடைக்கும்? ஓடைக்கரைத் துண்டு இன்னும் மோசம். அங்கேயும் குழி வெட்டினாள், கல் அடுக்கினாள், தழை அறுத்தாள். அது பக்குவமாகி வரும்போது பாறையடித் துண்டு கிழங்குக்கு மேல் கிழங்காகப் போட்டு வெளிறிப்போயிருந்தது. நல்லுசாமி ஓடைக்கரைக்கு வந்தார். மண்ணை மோந்து பார்த்தார்.

மூன்றாவது துண்டைக் காட்டிய நாளில், முற்றத்தில் கிழங்கு தரம் பிரித்துக்கொண்டே கந்தம்மாள் சொன்னாள்: "நீ வந்தப்புறம் எங்களுக்கு எருச் சொமக்குற சோலியே இல்லாமப் போச்சு. நல்லா இருப்பே."

அவள் மனசாரத்தான் வாழ்த்தினாள். சிவபாக்கியத்துக்கு அப்போதுதான் புரிந்தது. செத்த மண்ணை எழுப்பிக் கொடுக்க ஓர் ஆள். எழுந்த மண்ணைத் தின்ன ஒரு வீடு. இந்த மலையில் செத்த மண்ணுக்கா பஞ்சம்?

அன்று கந்தவேலிடம் கேட்டாள். அவன் குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணன் இல்லன்னா நான் ஏது புள்ள? அவருகிட்டப் போய் நிலத்தைப் பத்தி எப்படிப் பேசறது?"

மூன்றாவது துண்டை அப்படியே போட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள். நல்லதானால்தானே பிடுங்குவார்கள்? ஆனி மழை பிடித்தது. செம்மண் கரைந்து கரைந்து ஓடையில் ரத்தம் மாதிரி போவதை வாசலில் நின்று பார்த்தாள். ஒரு நாள் பொறுத்தாள், மறுநாளும் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்க் கல்லை எடுத்து அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே அழுதாள். யாரும் அவளை அடித்து வேலை வாங்கவில்லை. சொந்தக் கையே காட்டிக்கொடுத்தது. மூன்றாவது துண்டும் பக்குவமானது. நல்லுசாமி வந்தார்.

அறுபதாம் வருஷம் ஐப்பசியில் அவளுடைய அப்பா இறந்துபோனார். செய்தி கொண்டுவந்த ஆள் பாதி வழியில் மண்சரிவில் மாட்டிக்கொண்டு, பாதையை வெட்டித் திறந்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தான். சிவபாக்கியம் பெண் கண்மணியை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே இறங்கினாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அடிவாரத்துக்குப் போனபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. கடையில் அப்பா உட்காரும் பலகையில் தம்பி தங்கமுத்து உட்கார்ந்திருந்தான்.

அங்கேயே இருந்துவிடலாமா என்று நினைத்தாள். வீட்டில் தம்பி பெண்டாட்டி, அவளுடைய தாய், பிள்ளைகள். படுக்கப் பாய் விரித்தால் கால் நீட்ட இடமில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

கிளம்புகிற காலையில் தங்கமுத்து சொன்னான்: "அக்கா, கீழ வெளையற பழம் பஞ்சாமிர்தத்துக்குத் தண்ணி விட்டுப்போவுது. மலைப்பழம் கேட்ட அளவு கெடைக்கல. உங்க பக்கம் யாராவது புதுசா வச்சா நல்லது. ஒருக்கா வச்சா பல வருசம் நிக்குமில்ல?"

பல வருஷம் நிற்கும். அந்த வார்த்தையை அவள் ஏற்றம் முழுக்கச் சுமந்துகொண்டு வந்தாள்.

நாலாவது துண்டு ஊருக்குக் கீழே, வெயில் படும் சரிவில் இருந்தது. ஏற்கெனவே தெரிந்த வேலை. கல், குழி, தழை. ஆனால் இந்தத் தடவை மண் தேறும் வரை காத்திருக்கவில்லை. தெரிந்தவர்கள் தோட்டத்தில் பக்கக்கன்று கேட்டு வாங்கி, கல்வரிசைக்கு மேலே குழிக்குக் குழி எருப் போட்டு நட்டாள். இடையில் பீன்ஸ் விட்டாள். கேட்டவர்களுக்கு, நிழலுக்கு நாலு வாழை என்று சொன்னாள்.

நல்லுசாமி மண்ணை மோந்து பார்க்க வந்தபோது வாழை அவர் தலைக்கு மேல் நின்றது. இரண்டு பூ தள்ளியிருந்தன.

"யாரைக் கேட்டு இதை வச்சே?"

"யாரையும் கேக்கல மாமா."

"நெலம் வீட்டுக்குப் பொது. தெரியுமில்ல?"

"தெரியும். தாரு வீட்டுக்குத்தான் வரும். துண்டு மட்டும் என்கிட்ட இருக்கட்டும். நாலு தடவை எழுப்பிட்டேன் மாமா. அஞ்சாவதா எழுப்ப எனக்குத் தெம்பு இல்ல."

அவர் முகம் சிவந்தது. "வாழையைச் சாய்ச்சுட்டுக் கெழங்கு போட எவ்வளவு நேரமாகும்?" என்று இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்தார்.

வரப்பில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற கந்தவேல் அப்போது வாயைத் திறந்தான். "அண்ணே, வெட்டாதீங்க. தங்கமுத்து கடைக்கு இந்தத் தோட்டத்துப் பழத்தை நான் பேசிட்டு வந்திருக்கேன். அடிவாரத்துல நம்ம வாக்கு கெட்டுப்போகும்."

அவன் அப்படி எதையும் பேசவில்லை என்பது சிவபாக்கியத்துக்குத் தெரியும். நல்லுசாமி தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறிப்போய்விட்டார். பல நாள் அவளோடு பேசவில்லை.

துண்டு அவளிடம் நின்றது. அதோடு அவளும் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. காட்டுப்பன்றி வாழைக்கிழங்கைத் தோண்டாமல் காவல் வேண்டும். சாயும் மரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தார் வெட்டும் பருவத்தில் மட்டும் குதிரைகளோடு நடந்து பழனிக்குப் போனாள். வழியில் பழுத்துவிடாமல் எப்போது வெட்டுவது, சருகு வைத்து எப்படிக் கட்டுவது என்றெல்லாம் பழத்தை இழந்து இழந்து கற்றாள். தோல் கறுத்துச் சுருங்கிய பழத்தை அழுகல் என்று ஒதுக்கிய வியாபாரியிடம், "உரிச்சு வாயில போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று நீட்டத் தெரிந்திருந்தது. அது அப்பா கடையில் கற்றது. விற்று முடிந்ததும் தைப்பூசக் கூட்டம் வந்துகொண்டிருக்கும். தங்கமுத்து தேர் பார்த்துவிட்டுப் போகச் சொல்வான்.

"பன்னி வந்துரும் தம்பி. வெள்ளனே ஏறணும்."

அறுபத்தாறு வாக்கில் வாழைக்கு நோய் வந்தது. குருத்து விரியாமல் இலையெல்லாம் உச்சியில் கொத்தாகச் சேர்ந்து நின்றது. ஒரு மரத்தைக் காப்பாற்றப் பார்த்தாள். பக்கத்து மரத்துக்கும் பரவியது. கடைசியில் தன் கையாலேயே எல்லாவற்றையும் கிழங்கோடு பறித்து எரித்தாள்.

வெறுமையான துண்டுக்கு நல்லுசாமி கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். முழங்கால் அவருக்கு முன்போல் இல்லை.

"இதுல கெழங்கு நல்லா வரும்" என்றார்.

"வரும் மாமா. நான் பூண்டு போடப்போறேன்."

அவர் மறுத்துப் பேசவில்லை. "போடு" என்று சொல்லிவிட்டு, ஏறுவதற்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கமுத்து சொல்லியனுப்பினான். கடைக்குப் பின்னால் இருந்த வீடு காலியாகிறது, அக்காவும் மச்சானும் வந்துவிட்டால் கடையைச் சேர்ந்து பார்க்கலாம் என்று. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்க நினைத்த சொல் அது. கந்தவேலும், "நீ சொன்னா வர்றேன் புள்ள. எனக்கும் கால் ஓஞ்சு போச்சு" என்றான்.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் யோசித்தாள். இறங்கிப் போய்விட்டால் இந்தத் துண்டில் கிழங்குக்கு மேல் கிழங்கு விழும். நாலைந்து வருஷத்தில் மறுபடி சரளை பல்லைக் காட்டும். போனால் போகிறது என்று சொல்லிப் பார்த்தாள். வாய் சொன்னது. ஊரில் பெண்கள், சிவபாக்கியத்துக்கு மண்ணின் மேல் அவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வந்தது.

"பாசமும் இல்ல, பழமும் இல்ல. விட மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்றாள் கந்தம்மாளிடம்.

மழை விட்ட காலையில் கந்தவேல் பொதி கட்டிக்கொண்டிருந்தான். அவள் போய் வார் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"தம்பிகிட்ட வரலைன்னு சொல்லிருங்க."

அவன் தலையாட்டினான்.

"உப்புத் தீந்துபோச்சு. வர்றப்ப மறந்துராதீங்க" என்றாள்.