சீனப் பிள்ளைக்கு அரை மணித்தியாலத் தகப்பன்

சீனாவைப் பற்றி ஒரு சீனருக்கே வகுப்பெடுத்தவன் நான். அதுவும் அவருடைய சமையலறையில், அவர் தந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு. தொண்ணூறுகளின் நடுவில் டுசல்டோர்ஃபில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சந்தைத் திறப்பு, மக்கள்தொகைக் கொள்கை, ஹொங்கொங் கைமாறப்போவது என்று நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு மறுநாள் முதலாளிக்கு ஒப்பிப்பேன். அவர் வெங்காயத்தாளை நறுக்கியபடி "அப்படியா?" என்பார். இருவரின் ஜேர்மனும் ஒரே அளவுக்கு மோசம் என்பதால் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

ஒருநாள் அவருடைய ஊரிலிருந்து வணிகக் குழுத் தலைவர் ஒருவர் சாப்பிட வரப்போவதாகச் சொன்னார். அந்த ஊர் ஆலையின் சூடு ஆறாத சுடுதண்ணிப் போத்தல்களை ஜேர்மனியில் விற்கும் உரிமைக்கு அந்தத் தலைவரின் கையெழுத்து வேண்டும். ஆலையின் மேலாளர், முதலாளி மனைவியின் அண்ணன். சிக்கல் மாடியில் தொட்டிலில் கிடந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்பது அங்கே சட்டம். மூத்தவள் ஊரில் பள்ளிக்கூடம் போகிறாள். இங்கே பிறந்த இளையவனைப் பற்றி ஊரில் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஒப்பந்தமும் போகும், அண்ணனின் பதவியும் போகும் என்று இருவரும் பயந்து செத்தார்கள்.

அன்று பார்த்துப் பரிமாறுகிறவருக்குக் காய்ச்சல். வெள்ளைச் சட்டையை எனக்கு மாட்டினார்கள். என்னோடு சமையலறையில் வேலைசெய்த மன்னார்க்காரன் கெஞ்சினான்: "அண்ணை, அரசியல் மட்டும் கதைச்சுப் போடாதேங்கோ. சாப்பாட்டை வைச்சிட்டு வாங்கோ."

"எனக்குத் தெரியாதே? தைவான், ஹொங்கொங் ஒண்டும் வாயில வராது."

"உங்கட வாயை எனக்குத் தெரியும்."

வராமல்தான் பார்த்துக்கொண்டேன். விருந்தாளி அறுபதை நெருங்கியவர். இளமையில் கிழக்கு ஜேர்மனியில் படித்தவராம். எங்களைவிடச் சுத்தமாக ஜேர்மன் பேசினார். வாத்து வந்தது, மீன் வந்தது, போத்தல் பேச்சு மட்டும் வரவில்லை. முதலாளிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. மேசையைக் கொஞ்சம் கலகலப்பாக்குவோம் என்று, நம் ஆட்கள் முன்பின் தெரியாதவரிடமும் முதலில் கேட்கிற கேள்வியை மிகுந்த பணிவோடு கேட்டேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த முதலாளி மனைவியின் கை அப்படியே நின்றது.

"ஒன்று," என்றார் விருந்தாளி. முதலாளியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"ஒன்று. மகள். ஊரில்."

மாடியில் இருந்தவன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வீறிட்டு அழத் தொடங்கினான். அழுகை கூடியது. முதலாளி மீனையே பார்த்துக்கொண்டிருந்தார், அது ஏதாவது சொல்லும் என்பதுபோல.

"என்னுடையவன்," என்றேன்.

விருந்தாளி குச்சிகளைக் கீழே வைத்தார். "அப்படியா? தூக்கிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்."

மாடிக்குப் படி சமையலறை வழியாகத்தான். மன்னார்க்காரன் மறித்தான். "அண்ணை, உங்களுக்கு விசரே? உங்கட நிறமென்ன, அவன்ர நிறமென்ன!"

"தாய் சீனத்தியெண்டு சொல்லுறன்."

"வீட்டில உங்கட மனுசிக்குத் தெரியுமே?"

பிள்ளையை மூக்குவரை போர்த்திக்கொண்டு இறங்கினேன். விருந்தாளி போர்வையை ஒரு விரலால் விலக்கினார். பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாசித்த புத்தகங்களில் ஒன்றிலாவது இந்த இடத்துக்கு வழி சொல்லியிருக்கிறதா என்று யோசித்தேன். அதற்குள் அந்தக் குட்டித் துரோகி, முதலாளியின் மனைவியைக் கண்டு இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் கேத்தலை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்நியப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"தாயைப் போல," என்றார் விருந்தாளி. குச்சிகளை எடுத்து மீனைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் போத்தல் பேச்சே தொடங்கியது. எழும்புவதற்குள் கையெழுத்தும் ஆயிற்று. விலை மட்டும் முன்பு சொன்னதைவிடக் கூடியிருந்தது. முதலாளி அதற்கும் தலையாட்டிவிட்டார்.

ஒரு குடும்பத்தையும் இரண்டு நாட்டு வணிகத்தையும் ஒரே பொய்யால் காப்பாற்றிய பெருமையில், அடுத்த கிழமை கோப்பைகளைக்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கழுவினேன். அப்போதுதான் ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் பேசினார். பேசி முடித்த முதலாளியின் மனைவி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளையைப் பற்றி அண்ணனே அந்த விருந்தாளியிடம் எப்போதோ சொல்லிவிட்டாராம். எங்களுக்குப் பயம் என்பதுதான் அவருக்குத் தெரியாதாம். தெரிந்ததும் விலையைக் கூட்டிவிட்டார்," என்றாள். "அந்தப் பயத்தைத்தான் நீங்கள் தூக்கிக்கொண்டு வந்து காட்டினீர்கள்."