மூன்றாவது பிரதி

ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சூசைநாதனை 1927இல் மாநில மன்றத்துக்கு நியமித்தார்கள். அப்போது தேர்தல் கிடையாது. வெள்ளைக்கார மேலிடத்துக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் கடிதம் வரும், அவ்வளவுதான். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே அவர் கழுத்தில் மாலை விழுந்தது. மனைவி இசபெல்லா மட்டும், "கோட்டு தைக்கக் கொடுத்தாச்சு. வாயைச் சேர்த்துத் தைச்சுறாம பாத்துக்குங்க" என்றாராம்.

காப்பித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவரின் மகன் அவர். மிஷன் பள்ளியில் ஏழு வகுப்பு படித்தார். பிறகு சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் கிராணி எனும் கணக்கர் வேலை. விடியும் முன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டுப் பதிய வேண்டும். அங்கே இரண்டு பாடங்களை உறுதியாகக் கற்றுக்கொண்டார். பெயரும், லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் வீட்டு எண்ணும் இல்லாத மனு வெறும் காகிதம். ஒருவரைத் தாண்டி அவருக்கு மேலே இருப்பவருக்கு எழுதினால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அது மனு இல்லை, கோள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் அவர் மேலே வந்தார். எந்தத் துரையும் அவரைக் கோள்சொல்லி என்றதில்லை.

உறுப்பினரான மறு தை மாதம் அந்தப் பழைய தோட்டத்துக்குப் போனார். ரப்பர் உறைய வைக்கும் ஸ்டோரின் புளித்த கழிவுநீர் ஓடையில் கலந்தது. கீழே இருந்த லயங்களுக்குக் குடிக்க அந்த ஓடைதான். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் செல்லாயி ஒரே மழைக்காலத்தில் இரண்டு பிள்ளைகளை வயிற்றுக் கடுப்புக்குக் கொடுத்திருந்தாள். மூன்றாவது மகள் பாப்பா பாயில் சுருண்டு கிடந்தாள்.

செல்லாயியின் கணவன் மாயாண்டிக்கு எந்நேரமும் குசும்பு. "கிராணி ஐயா, அந்த மன்றத்துல நாக்காலியெல்லாம் மெத்தையாமே? ஒக்காந்தா எந்திரிக்க மனசு வருமா?"

"இவரு கெடக்காரு" என்றாள் செல்லாயி. "எங்களுக்கு ஒரு கெணறு வேணுங்கய்யா. இது ஒண்ணாச்சும் தங்கணும்."

"கேக்குறேன். பேரு, வீட்டு நம்பர், கைநாட்டு, மூணும் வேணும்."

"பேரு எதுக்குங்கய்யா? தண்ணி கெட்டுக் கெடக்குன்னு சொன்னா பத்தாதா?"

"பேரில்லாம எழுதினா குப்பையில போட்டுருவாங்கம்மா."

பக்கத்து வீட்டுக்காரர்கள் மெல்ல நழுவிவிட்டார்கள். கணவனும் மனைவியும் மட்டுமே பெருவிரலை மையில் தோய்த்தார்கள். பதினான்காம் நம்பர் வீடு.

சூசைநாதன் தம் கையெழுத்தில் மூன்று பிரதி எழுதினார். ஒன்று மன்றத்துக்கு. ஒன்று தமக்கு. மூன்றாவதை, பழைய வழக்கப்படி, மரியாதையான ஒரு துணைக்கடிதத்தோடு தோட்டத் துரைக்குத் தபாலில் சேர்த்தார்.

ஆறு வாரம் கழித்துக் கோலகங்சாரில் மன்றம் கூடியது. புதுக்கோட்டோடு எழுந்து கேள்வியைத் தடுமாறாமல் வாசித்தார். தோட்டத்திலிருந்து வந்திருந்த பதிலை அதிகாரி ஒருவர் படித்தார். அதே தோட்டத்தில் எங்கள் லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் மன்றத்தின் அந்த நடவடிக்கைக் குறிப்பைப் பின்னாளில் படிக்க எனக்கு வாய்த்தது. பதில் ஒன்றரை வரிதான்: மேற்படிப் பெயருடைய எவரும் இத்தோட்டத்தில் வசிக்கவில்லை; தண்ணீர் பற்றிப் புகார் எதுவும் இல்லை.

அது பொய்யும் இல்லை. பிரதி கிடைத்த மறுநாள் பெரட்டில் மாயாண்டியின் பெயரையும் செல்லாயியின் பெயரையும் கூப்பிடவில்லை. பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வீடும் இல்லை. பொழுது சாயும் முன் பதினான்காம் நம்பருக்கு வேறு பூட்டு.

மன்றம் கலைந்ததும் சூசைநாதன் நேரே தோட்டத்துக்குத்தான் போனார். கங்காணி விவரம் சொல்லிவிட்டு, "நீங்க எழுதுன காயிதத்தைத் தொரை மேசையில பாத்தேங்க. கையெழுத்து முன்ன மாதிரியே முத்து முத்தா இருந்துச்சு" என்றார்.

கோப்பெங் ஊரில், ஈயச் சுரங்கத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவர்களைக் கண்டுபிடிக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. மாயாண்டி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். குசும்பு ஒன்றும் வரவில்லை. பாயில் யாரும் இல்லை.

"அதுவும் தங்கல, வழியிலயே போயிருச்சு" என்றாள் செல்லாயி. பிறகு, "கெணறு வெட்டுறாங்களாங்கய்யா?"

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"நீங்க பேரு கேட்டீங்க, குடுத்தோம். இனிமே குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. போய்ட்டு வாங்க."

அதன் பிறகும் இரண்டு வருடம் அவர் உறுப்பினராக இருந்தார். ஒரு கூட்டமும் தவறவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மஞ்சள்காமாலையில் படுத்தபோது பதவி தானாகப் போயிற்று. அந்த இரண்டு வருடமும் தோட்டங்களிலிருந்து ஆட்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தபடிதான் இருந்தார்கள். வந்தவர் வணக்கம் சொல்லி வாயைத் திறக்கும் முன்பே சூசைநாதன் அவசரமாகக் கையை உயர்த்துவார்.

"பேரைச் சொல்லாதீங்க" என்பார். "எந்தத் தோட்டம்னும் சொல்லாதீங்க."

வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போவார்கள்.