விரல்முட்டியில் சிவப்பு

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் தனேஸ்வரியின் பள்ளி வேனைத் தெரியாதவர்கள் குறைவு. தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் அது. ஒருநாள் காலை, கோலசிலாங்கூர் சாலைச் சந்திப்பில் வேன் அசையாமல் நின்றது. வேனுக்கு ஒன்றுமில்லை, தனேஸ்வரியின் விரல்கள்தான் வீங்கிப்போய்க் கியரைப் பிடிக்க மறுத்தன. பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் காதைத் துளைத்தது. கணவர் இருசப்பன் மோட்டார் சைக்கிளில் பறந்துவந்து, வேனை ஓட்டிப்போய்ப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார்.

ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோயாம். வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் வலி போனது. வேன் மீண்டும் அவர் கைக்கு வந்தது. இனி எதற்கு மாத்திரை, நிறுத்திவிடலாமா என்று கேட்கத்தான் மறுமுறை, வைத்தியம் பார்த்த டாக்டர் ரூபினியிடம் போனார்.

ரூபினி தனேஸ்வரியின் விரல்முட்டியில் குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். பிள்ளை உண்டாகியிருந்தபோது வயிற்றில் வைத்துப் பார்த்தார்களே, அதே மாதிரிக் கருவி. விரலுக்குமா இது என்று தனேஸ்வரிக்கு வியப்பு. சாம்பல் நிறத் திரையில் எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதன்மேல் சிவப்புப் பொறிகள் மின்னி மின்னி மறைந்தன.

“அந்தச் செவப்பு ரத்த ஓட்டம்க்கா. மூட்டுக்குள்ள அழற்சி இன்னும் அடங்கல. வலி இல்லன்னு மருந்த விட்டீங்கன்னா எலும்ப அரிச்சிடும்.”

தனேஸ்வரி இத்தனை நாளும் வலியாக மட்டுமே அறிந்திருந்த ஒன்றை இப்போது கண்ணால் பார்க்கிறார். பயத்தைவிட அவருக்கு வேகம்தான் வந்தது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டதே, இனி விடுவதாயில்லை. ரூபினி இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஒருவேளைகூடத் தவறாமல் சாப்பிட்டார் தனேஸ்வரி.

அடுத்த ஸ்கேன் அன்று தனேஸ்வரி படுக்கையில் உட்கார்ந்ததுமே திரையைப் பார்க்க ஆரம்பித்தார். கருவி ஒவ்வொரு விரலாக நகர்ந்தது. சிவப்பைக் காணோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“மிஷின் கெட்டுப் போச்சா டாக்டர்?”

ரூபினி சிரித்துக்கொண்டே கருவியை மணிக்கட்டில், நாடி துடிக்கும் இடத்தில் வைத்தார். பளிச்சென்று சிவப்பு துடித்தது. மிஷின் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி விரல்முட்டிக்குக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம் மட்டும்தான். சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

மருந்தை விடாமல் தொடர வேண்டும் என்று ரூபினி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அவரிடம் அனுமதி கேட்டுத் திரையைக் கைப்பேசியில் படமெடுத்தார் தனேஸ்வரி. வெளியே காத்திருந்த இருசப்பனிடம் ஓட்டமும் நடையுமாகப் போய் நீட்டினார். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“என்னா தனேசு, இதுல ஒன்னுமே இல்லியே?”

“அதத்தான்லா பாக்கச் சொல்றேன்.”