எட்டாத பூட்டு

தையல்கார அக்கா யார் எதைச் சொன்னாலும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். நம்பிப் பட்டது போதும். பதினெட்டு வருஷமாகச் சக்கர நாற்காலி. மோட்டார் மிதியை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தித் தைத்தே தன் காலத்தை ஓட்டுகிறவள். குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும் வீடு தேடும் படலம் ஆரம்பித்தது. நாற்காலிக்கு ரொம்ப வசதி என்று தரகர் காட்டிய முதல் வீட்டில் வாசலிலேயே நாலு படி. இன்னொரு வீட்டில் குளியலறைக் கதவு நாற்காலியின் அகலத்துக்குக் கச்சிதமாக இருந்தது. சக்கரம் தள்ளும் கைகளுக்கு இடம்? கைகளைக் கழற்றிக் கூடத்தில் வைத்துவிட்டா குளிக்கப் போவாள்?

ஐந்தாவது வீட்டைப் பார்த்து வைத்தவன் கூடப்பிறந்த தம்பி. அக்கா அளவு டேப்போடு வந்தாள். வாசலில் சாய்தளம், ஏற மூச்சு வாங்கவில்லை. கதவுகள் மூன்றடி. குளியலறையில் ஒரு முழு வட்டம் சுற்றினாள், எங்கும் முட்டவில்லை. தையல்கடையும் இரண்டு தெரு தள்ளித்தான்.

எல்லாம் இப்படி ஒருசேர அமைந்ததுதான் உறுத்தியது. கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து இரு என்று போன மாதம்வரை நச்சரித்தவன், இப்போது வாயெல்லாம் பல்லாக நிற்கிறானே! கூடுதல் சக்கரம் வைத்த அவளுடைய ஸ்கூட்டரைப் பழுது பார்க்க எடுத்துப்போனவனும் இவன்தான். மூன்று மாதமாக ஒரு நாள் சாமான் வரவில்லை என்பான், மறுநாள் மெக்கானிக்குக் காய்ச்சல் என்பான்.

தரகரையும் தம்பியையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வாசற்கதவைத் தானே சாத்திப் பார்த்தாள். தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. திறக்கும் குமிழ் எங்கே என்று தேடினால், கதவின் உச்சியில் இருந்தது. எக்கி எக்கிப் பார்த்தும் விரல்நுனிகூடப் படவில்லை. கீழே, அவள் கைக்கு நேராக, அடைத்துப் பெயிண்ட் அடித்த துளைகள். பெயிண்ட் இன்னும் ஒட்டியது. பூட்டு முன்பு இருந்த இடம்.

கதவைத் தட்டினாள். திறந்தது தரகர் இல்லை, தம்பி. வாடகை பேசாத வீட்டின் சாவி அவன் கொத்தில் தொங்கியது.

பூட்டை மேலே ஏற்றச் சொன்னது யார் என்று கேட்டாள். தரகர் தம்பியைப் பார்த்தார்.

"நீ பாட்டுக்கு ரோட்டுல இறங்கிடுறேக்கா. எங்கேயாவது அடிபட்டுட்டா? காலையில நானே வந்து திறந்து, கடையில விட்டுட்டு..."

"ஸ்கூட்டர்?"

"வித்துட்டேன்."

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேறு எவனாவது என்றால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். இவன் பாசத்தில் அல்லவா பூட்டப் பார்த்திருக்கிறான்! கையை நீட்டினாள். சாவியைக் கழற்றிக் கொடுத்தான். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இன்னொரு சாவியும் வந்தது.

பூட்டை இன்றைக்கே கீழே இறக்கினால் வீட்டை எடுத்துக்கொள்வதாகத் தரகரிடம் சொன்னாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"நீ எப்ப வேணா வாடா. கதவைத் தட்டு. நான் வந்து திறக்கிறேன்."